சண்டை எப்பல வரும்?

உளவுப் படம் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு முதல் அரை மணி நேரத்தில் கிடைப்பது இவ்வளவுதான்: மழை பெய்துகொண்டே இருக்கும் ஓர் ஊர், கோட் போட்ட நாலு பேர், ஒரு ஃபைல், அறை நிறைய சிகரெட் புகை. யாரும் மாடியிலிருந்து குதிப்பதில்லை. கார் கவிழ்வதில்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிறார், அவர் வேறு பக்கம் பார்க்கிறார், காட்சி முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் மச்சான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "ஏலே, சண்டை எப்பல வரும்?" என்கிறார். வராது என்று உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்று பொய் சொன்னால் போனை எடுத்துவிடுவார். இரண்டும் ஒன்றுதான்.

ஆனாலும் இந்த வகைப் படங்களுக்கும் தொடர்களுக்கும் பிடிவாதமான ரசிகர் கூட்டம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலும் இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடிக்கப் போகிற அதே ஆள், ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதையும் பார்க்கிறார். இவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

வேகமான உளவுப் படத்தில் வில்லன் யார் என்பது இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அவனை எப்படி ஜெயிப்பது என்பது மட்டும்தான் மிச்சம். அதைக் கதாநாயகன் பார்த்துக்கொள்வான், நமக்கு வேலை இல்லை. மெல்ல நகரும் கதையில் யார் என்பதே கடைசி வரை தெரியாது. நல்லவன் மாதிரி பேசுகிறவன் மேலும் சந்தேகம், டீ கொண்டுவந்து வைக்கிற பெண் மேலும் சந்தேகம். அதனால் திரை சும்மா இருக்கும்போதுதான் பார்ப்பவரின் மூளை வேகமாக ஓடுகிறது. உளவாளி செய்கிற வேலையை, அதாவது பார்த்ததை நினைவில் வைப்பது, ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்ப்பது, சொன்னவன் ஏன் சொன்னான் என்று யோசிப்பது, இதையெல்லாம் படம் நம் தலையில் கட்டிவிடுகிறது. கிடைக்கிற ருசியும் அந்த வேலையில்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துப்பு ஒரு தடவைதான் காட்டப்படும்.

ஜான் லெ கார்ரே எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவல் 1974-இல் வந்தது. 1979-இல் பிபிசி அதை ஏழு பகுதித் தொடராக எடுத்தது. 2011-இல் தாமஸ் ஆல்ஃபிரட்சன் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் படமாக்கினார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு கருப்பு ஆடு இருக்கிறது. வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஸ்மைலி என்ற வயதானவர் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. படம் நிகழ்காலத்துக்கும் பழைய நாட்களுக்கும் மாறி மாறிப் போகிறது. எது பழையது என்று எழுத்துப் போட்டுச் சொல்வதில்லை, நிறத்தை மாற்றிக் காட்டுவதும் இல்லை. வேலை போனபிறகு ஸ்மைலி கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்குகிறார். சின்னக் காட்சி, வசனம் கிடையாது. அதற்கப்புறம் அவர் முகத்தில் பழைய கண்ணாடி இருந்தால் அது நடந்து முடிந்த காலம், புதியது இருந்தால் இப்போது. அந்தச் சில நொடிகளில் வாட்ஸ்அப் பார்த்தவர் மீதிப் படம் முழுக்க "ஒண்ணும் புரியலையே" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். படத்தின் மேல் தப்பில்லை. ஆனால் அவர் மேலும் முழுத் தப்பு இல்லை. நம்மை வேறு மாதிரி பழக்கி வைத்திருக்கிறார்கள்.

டிவி சீரியலை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டில் தாளித்துக்கொண்டே காதால் 'பார்க்க' முடிகிற மாதிரி எழுதப்படுவது அது. கதவைத் திறந்து ஒருத்தி வந்தால், வந்திருப்பது யார் என்று இன்னொருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதிர்ச்சியான விஷயம் என்றால் அங்கே நிற்கும் எல்லார் முகத்தையும் இடிச் சத்தத்தோடு ஒரு சுற்றுக் காட்டுவார்கள். மறுநாள் அதையே முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுவார்கள். குறையாகச் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டே கேட்கிறவருக்கு அதுதான் வசதி.

அதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று நம்மிடமே இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு ராத்திரி முழுக்க நடக்கும். சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, முடிவு ஊருக்கே தெரியும். வில்லில் வீசுகோலைத் தட்டிப் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால், பின்பாட்டுக்காரர் "ஆமா" என்று வாங்கி அதையே திருப்பிப் பாடுவார். குடமும் உடுக்கும் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். நடுவில் எழுந்து டீ குடித்துவிட்டு வந்தவரும், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தவரும் கதையை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே நெல்லைச் சீமைக்காரருக்குப் பொறுமை இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடிய விடிய உட்காருகிற சனம் இது. பழக்கமில்லாதது, திருப்பிச் சொல்லாத கதைதான். மெல்ல நகரும் உளவுக் கதையில் பின்பாட்டுக்காரர் கிடையாது.

சரி, திருப்பிச் சொல்லாததைப் பிடித்துக்கொள்ளும் திறமை நமக்கு உண்டா? உண்டு. மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார். நேரே பையன் வீட்டுக்குப் போகமாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, மழை எப்படி, நெல் என்ன விலை போகுது என்று ஆரம்பிப்பார். அப்புறம் போகிற போக்கில், "இந்த மேலத்தெரு வாத்தியார் வீடு எதுங்க அண்ணாச்சி?" கடைக்காரருக்கும் வந்த காரியம் புரியும்; புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். "நல்ல பையன்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளர் கழுவத் திரும்பிவிட்டால் வந்தவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். உடனே முடிவு கட்டமாட்டார். சலூனில் ஒரு வார்த்தை, ரேஷன் கடை வரிசையில் ஒரு வார்த்தை. ஒருவர் ரொம்பக் கேவலமாகப் பேசினால், அவருக்கும் அந்த வீட்டுக்கும் வரப்புத் தகராறு ஏதும் உண்டா என்று இன்னொருவரிடம் விசாரிப்பார். வேஷம், மறைத்துக் கேட்பது, ஒரு தகவலை இன்னொன்றால் சரிபார்ப்பது, சொல்கிறவனின் உள்நோக்கத்தை எடைபோடுவது என்று லண்டனிலும் மாஸ்கோவிலும் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அத்தனையும் இதில் இருக்கிறது. அந்த விசாரணையைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசும்போது எந்தக் கிழவியும் "சண்டை எப்ப வரும்" என்று கேட்பதில்லை. "டம்ளரைக் கழுவப் போயிட்டானா? அப்படின்னா ஏதோ இருக்கு" என்றுதான் சொல்வாள்.

வள்ளுவர் இதை ஒரு அதிகாரமாகவே வைத்துவிட்டார். ஒற்றாடல், 59-ஆவது அதிகாரம், 581 முதல் 590 வரை. அதில் நாயகனின் வீரம் பற்றி ஒரு குறள்கூட இல்லை. எல்லாம் நடைமுறை. ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறது 588. ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றர்களை வைத்துக்கொள், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறது 589. எனக்கு ரொம்பப் பிடித்தது 590: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைவை நீயே வெளியே விட்டவன் ஆவாய். உளவு என்பது கைதட்டல் கிடைக்காத வேலை என்று அதற்கு அர்த்தம். கைதட்டல் இல்லாத வேலையைப் பற்றிய கதையில் கைதட்ட இடம் குறைவாக இருப்பது நியாயம்தானே.

உண்மையான உளவு அவ்வளவு மெதுவானது. கிம் ஃபில்பியை சோவியத் உளவுத்துறை 1934-இல் சேர்த்துக்கொண்டது. அவர் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் நுழைந்து படிப்படியாக மேலே போனார். 1944-இல் சோவியத் உளவாளிகளைப் பிடிப்பதற்கென்றே தொடங்கிய பிரிவுக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். 1946-இல் பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தது. 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து காணாமல் போய் மாஸ்கோ சேர்ந்தார். அங்கேயும் பதக்கம். கிட்டத்தட்ட முப்பது வருஷக் கதை. அதில் துப்பாக்கி வெடிக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. லெ கார்ரேயும் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்தான், இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். அவர் நாவலின் கருப்பு ஆட்டுக்குப் பின்னால் நிற்கிறவர் இந்த ஃபில்பி.

அமெரிக்காவில் ராபர்ட் ஹான்சன் கதை இன்னும் வேடிக்கை. எஃப்பிஐ அதிகாரியாக இருந்துகொண்டே 1979 முதல், நடுவில் விட்டுவிட்டு, இருபது வருஷத்துக்கு மேல் ரகசியங்களை விற்றார். அவர் பொட்டலம் வைத்துவிட்டுப் போகிற இடம் ஒரு பூங்காவின் நடைபாலத்துக்கு அடியில். வைத்தாகிவிட்டது என்பதற்கு அடையாளம், பூங்காவின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் ஒட்டிய வெள்ளை டேப் துண்டு. 2001 பிப்ரவரியில் அங்கே வைத்துத்தான் பிடித்தார்கள். ஒரு துண்டு டேப்பை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு அலுப்பான வேலை! அந்த அலுப்பை நமக்கும் கொஞ்சம் ஊட்டிவிட்டால்தான், கடைசியில் டேப் ஒட்டப்படும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அலுப்பை வெட்டி எடுத்துவிட்டு டேப்பை மட்டும் காட்டினால் அது வெறும் டேப்.

காதுக்கும் இதே கதைதான். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவின் 'தி கான்வர்சேஷன்', 1974-இல் கான் விழாவின் உயரிய விருதை வாங்கிய படம். அரசாங்க உளவாளி அல்ல, கூலிக்கு ஒட்டுக்கேட்பவன் ஒருவனைப் பற்றியது. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், நான் முடிவைச் சொல்லப்போகிறேன்.) சதுக்கத்தில் நடந்துகொண்டே பேசும் ஓர் ஆண், ஒரு பெண். பல மைக்குகளில் பதிவு செய்த அந்தப் பேச்சை அவன் ஒன்றோடொன்று சேர்த்து, இரைச்சலை நீக்கி, திரும்பத் திரும்பக் கேட்கிறான். வேறொருவனைக் குறித்து, "வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான்" என்று அந்த ஆண் சொல்வது காதில் விழுகிறது. ஐயோ பாவம், இவர்கள் உயிருக்கு ஆபத்து என்று ஒட்டுக்கேட்பவனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடைசியில்தான் தெரிகிறது, அழுத்தம் விழ வேண்டிய இடம் வேறு என்று. அவன் நம்மைக் கொல்லத் துணிகிறவன், ஆகவே நாம் முந்திக்கொள்வோம் என்பதுதான் பேச்சு. வார்த்தை ஒன்றும் மாறவில்லை. படம் முழுக்க நாம் கேட்டுக்கொண்டே இருந்த வரியை நாம் கேட்கவே இல்லை. இப்படி ஏமாறுவதில் உள்ள சுகம், முழுக் கவனத்தோடு கேட்டவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். கவனிக்காதவனை யாரும் ஏமாற்ற முடியாது, அவன் முதலிலேயே தப்பித்துவிட்டான்.

வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். 1954-இல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' படத்துக்குச் சமமாக நம் ஊரில் அப்புறம் எத்தனை உளவுக் கதை வந்தது? வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. வீணை வித்வான் எடுத்த படத்தில் பாட்டே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். எடுத்த எடுப்பில் துப்பாக்கிச் சத்தம், கதாநாயகன் சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்டதை ஒட்டிய நாட்கள். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயரைக் கொன்றது யார் என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டிக் கதை சொல்கிறார்கள். விசாரணை போகப்போக, யார் கொன்றார் என்ற கேள்வியைவிட, செத்தவர் யார் என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது. திறமையை மதிக்காத நாட்டின் மேல் வந்த கசப்பு ஒருவனை எதிரிக்கு ஒற்றனாக்குகிற கதை அது. தேசபக்தி சூடு ஆறாத 1954-இல் இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

சரி, இவ்வளவு இருந்தும் நம் வீட்டு ஹாலில் இந்தப் படங்கள் ஏன் எடுபடவில்லை? பாதிக் காரணம் டப்பிங். மூலத்தில் ஒருவன் மூன்று நொடி சும்மா இருந்து பெருமூச்சு விட்டால், டப்பிங்கில் அந்த இடத்தை "ம்ம்... அப்படியா" என்று நிரப்பிவிடுகிறார்கள். தயங்கிப் பேசுகிறவன், கத்திப் பேசுகிறவன், பொய் சொல்கிறவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி கணீர்க் குரல். பொய்யைக் குரலில் கண்டுபிடிக்க வேண்டிய கதைக்கு இதைவிடத் துரோகம் வேறில்லை. கீழே எழுத்து ஓடும் பதிப்பில் பார்ப்பதே நல்லது. அதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு: வசனத்தைப் படித்தாக வேண்டும் என்பதால் கண் போனுக்குப் போகாது. ஆனால் தமிழ் எழுத்தோடு இவை கிடைப்பது குறைவு, இங்கிலீஷ் வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு வாசல் அடைத்தேதான் கிடக்கிறது. இன்னொரு காரணம், ஹாலில் படம் பார்ப்பது நமக்கு ஊரோடு செய்கிற காரியம். ஒருவர் வருவார், ஒருவர் போவார், "சாப்பிட்டியா" என்பார், கொரியர் பையன் பெல் அடிப்பான். நல்ல பழக்கம்தான், இந்த வகைப் படத்துக்குத்தான் ஒத்துவராது.

மெதுவாக இருப்பதெல்லாம் ஆழம் என்று நம்பிவிடவும் கூடாது. இப்போது ஓடிடி தளங்களில் வரும் தொடர்களில் நிறைய, இரண்டு மணி நேரக் கதையை எட்டு மணி நேரத்துக்கு இழுத்தவை. நீல வெளிச்சத்தில் ஒருவர் ஜன்னல் வழியே மழையைப் பார்ப்பார், வயலின் அழும், அடுத்த காட்சியிலும் அவரே. இதைப் பிரிக்க நான் வைத்திருக்கும் உரைகல் சாதாரணமானது. அமைதியான ஒரு காட்சி முடிந்ததும், முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரிகிறதா, அல்லது முன்பு நம்பிய ஒன்றில் சந்தேகம் வந்திருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் அது வெறும் இழுவை. தைரியமாக நிறுத்திவிடலாம். அமெரிக்கத் தம்பதி போல் வேஷமிட்டு வாழும் சோவியத் உளவாளிகளைப் பற்றிய 'தி அமெரிக்கன்ஸ்', 2013 முதல் 2018 வரை ஆறு சீசன், 75 பகுதி. முன்பு சிஐஏவில் இருந்த ஜோ வைஸ்பெர்க் உருவாக்கியது. அவ்வளவு நீளத்திலும் இந்த உரைகல்லில் அது பெரும்பாலும் தேறிவிடுகிறது. எதிர் வீட்டுக்குக் குடிவருகிறவர் எஃப்பிஐ அதிகாரி என்பதால், சும்மா பீர் குடிக்கிற காட்சியில்கூட ஏதோ ஒன்று பணயத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

நம் சீமையிலேயே ஒரு கதை நூறு வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்த பெட்டியில் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். மேடையிலும் பாடப்புத்தகத்திலும் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தச் சில நிமிடங்களை மட்டும். அதற்கு முன்னால் நடந்ததுதான் உளவுக் கதை. நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார். ராத்திரியில் சத்தியம் வாங்குகிறார்கள். வாஞ்சி புனலூரில் வனத்துறைக் குமாஸ்தா. அவருடைய செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம், கிழக்கே கொஞ்ச தூரம் வந்தால் பிரிட்டிஷ் ஜில்லா, ரயிலேறிப் போனால் பிரெஞ்சுக்காரன் ஆளும் புதுச்சேரி. மூன்று அரசாங்கம், மூன்று போலீஸ். புதுச்சேரியில் பாரதியும் வ.வே.சு. ஐயரும் இருக்கிற வீடுகளைச் சுற்றிப் பிரிட்டிஷ் சிஐடி ஆட்கள் வருஷக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறார்கள். எட்டயபுரத்துக்காரரான பாரதி 1908-இல் அங்கே போனவர். 1918-இல் வெளியே வந்ததும் கைதாகி, அப்புறம்தான் கடையம் வந்து சேர்ந்தார். அந்தப் பத்து வருஷமும் யாரோ ஒருவர் அவர் வாசலைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

கொலைக்குப் பிறகு வாஞ்சியின் வீட்டைச் சோதனை போட்டார்கள். கிடைத்த கடிதங்களைப் பிடித்துக்கொண்டு போலீஸ் ஒவ்வொருவராகப் போனது. 14 பேர் மேல் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணை, நீலகண்டருக்கு ஏழு வருஷம். சத்தியம் செய்துகொடுத்தவர்களில் சிலர் அப்ரூவராகி, அதாவது அரசுத் தரப்புக்கு மாறி, சாட்சி சொன்னார்கள். துரோகத்துக்கு எட்டப்பன் பெயரை வைத்துத் திட்டியே பழகிய ஊர் இது. அப்ரூவர் என்றதும் அதே முத்திரையைக் குத்தி மூடிவிடுவோம். உளவுக் கதை எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் அவர் அங்கேதான் ஆரம்பிப்பார். மணியாச்சித் துப்பாக்கிச் சத்தத்தை முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கடிதங்கள் போலீஸ் மேஜையில் குவியக் குவிய, சத்தியம் செய்த ஒருவர் எந்த ராத்திரியில், யார் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்க முடிவு செய்தார் என்று தேடிப் போவார்.